ருமாட்டிக் இதய நோயும் 21 நாள் ஊசியும்

ருமாட்டிக் இதய நோய் உள்ள குழந்தைகளுக்கு, அந்த நோயைக் கொண்டுவந்த காய்ச்சல் மறுபடி தாக்காமல் இருக்க, பெஞ்சாத்தீன் பென்சிலின் ஊசி மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பல ஆண்டுகளுக்குப் போடப்படுகிறது. மருத்துவ நூல்கள் இதை இரண்டாம் நிலைத் தடுப்பு என்கின்றன. ‘21 நாள் ஊசி’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். மருந்து பழையது, விலை குறைவு. காய்ச்சலைத் தூண்டும் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு அடங்காமல் போனதில்லை. இருந்தும் சிகிச்சை தோற்கிறது என்றால், பெரும்பாலும் தேதி தவறியிருக்கும்.

தொண்டையில் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றி இரண்டு மூன்று வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. 5 முதல் 15 வயதுக்குள்தான் இது அதிகம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நோயெதிர்ப்பு ஆற்றல் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் சேர்த்துத் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் தடயமின்றி ஆறிவிடும். வால்வு, குறிப்பாக மைட்ரல் வால்வு, அப்படி ஆறும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை வந்த குழந்தைக்கு அடுத்த தொற்றிலும் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். தொண்டை வலியே இல்லாமல் தொற்று வந்துபோவதும் உண்டு என்பதால், வலித்தால் மாத்திரை கொடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க இடமில்லை. கிருமி நுழையும் அன்றைக்கு இரத்தத்தில் பென்சிலின் இருந்தாக வேண்டும்.

இடைவெளி

தசைக்குள் போடப்படும் பெஞ்சாத்தீன் பென்சிலின் அங்கேயே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜீன் ஸ்டோலர்மன் 1952இல் ருமாட்டிக் காய்ச்சல் நோயாளிகளிடம் இதைப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு பல நாடுகளில் நிலைத்தது. ஆனால் நான்காவது வாரத்தில் பலருக்கு மருந்தின் அளவு தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தைவானில் 249 நோயாளிகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, 1994இல் வெளிவந்த ஆய்வு இரண்டு இடைவெளிகளையும் ஒப்பிட்டது. நூறு பேரை ஓராண்டு கவனித்தால் தடுப்பு தோற்பது, நான்கு வார ஊசியில் 1.29; மூன்று வார ஊசியில் 0.25. நோய் மிகுந்த இந்தியாவில் 21 நாள் கணக்கே வழக்கம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி, 27 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு 21 நாளுக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் என்றும், அதற்குக் கீழ் 15 நாளுக்கு ஒருமுறை 6 லட்சம் யூனிட் என்றும் வகுத்தது. எடை வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் அது 20 கிலோ.

எக்கோ பரிசோதனையில் மட்டுமே தெரியவரும் தொடக்கநிலை நோய்க்கும் ஊசி உதவுமா என்ற கேள்விக்கு உகாண்டாவில் விடை கிடைத்தது. 2022இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட 399 பேரில் 3 பேருக்கே நோய் முற்றியது. போடாத 400 பேரில் 33 பேருக்கு முற்றியது.

தேதி எப்படித் தவறுகிறது

முதல் தவறு ‘மாதத்துக்கு ஒரு ஊசி’ என்று மனத்தில் பதிவது. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 30, 31 நாளாகிவிடும்; 21 நாள் கணக்கில் ஒன்பது, பத்து நாள் பாதுகாப்பு போய்விடும். தேதியை விட்டுக் கிழமையைப் பிடிப்பது நல்லது. 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம் என்பதால், திங்களன்று தொடங்கிய குழந்தைக்கு என்றைக்கும் திங்கள்தான். காலண்டரில் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே வட்டம் போட்டுவிடலாம். ஏறக்குறைய 17 வட்டம் வரும்.

ஆஸ்திரேலியாவில் 28ஆம் நாளைத் தாண்டிய ஒவ்வொரு நாளையும் ஆபத்து நாள் என எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். நான்கு வாரத் திட்டத்தில் ஆண்டில் ஒரே ஒரு ஊசியை முழுதாகத் தவறவிட்ட குழந்தைக்கு ஆபத்து நாள் 28. எதையும் தவறவிடாமல், ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் மட்டும் பிந்திவரும் குழந்தைக்கு அது ஏறக்குறைய 55. ‘ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா என்ன’ என்பதில் ‘முன்ன’ பரவாயில்லை, ‘பின்ன’தான் ஆகாது. தேர்வு, திருவிழா, வெளியூர்க் கல்யாணம் எது குறுக்கிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு முந்திப் போட்டுக்கொள்வதே முறை. தவறிப்போனால் அடுத்த முறை நாளுக்குக் காத்திராமல் உடனே போட்டு, போட்ட அன்றிலிருந்து புதிதாக எண்ண வேண்டும்.

தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் வலி. இந்தியாவில் மருந்து குப்பியில் வெள்ளைத் தூளாக வருகிறது. நீர் சேர்த்துக் குலுக்கினால் பால் போன்ற கெட்டிக் கலவையாகும். தாமதித்தால் அடியில் படிந்து ஊசி முனையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் குழந்தைக்கு இரண்டாவது குத்து. அவசரமாக அழுத்தினால் வலி கூடும். மருந்து சில்லென்று இல்லாமல் பார்த்துக்கொள்வது, குத்துமுன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது, இரண்டு மூன்று நிமிடமெடுத்து மெதுவாகச் செலுத்துவது ஆகியவை வலியைக் குறைக்கும். கைதேர்ந்த செவிலியர் ஒருவர் எத்தனையோ அறிவுரைத் தாள்களைவிட மேல்.

ஒவ்வாமை அச்சம் இன்னொரு தடை. கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது அதற்காகத்தான். வால்வு மிகவும் கெட்டு மூச்சுத்திணறலுடன் இருப்பவர்களுக்கு ஊசியே தாங்காமல் போகலாம் என்பதால், அமெரிக்க இதயக் கழகம் 2022இல் அவர்களுக்கு வாய்வழி பென்சிலினைப் பரிந்துரைத்தது. அது நாளுக்கு இருவேளை மாத்திரை. மறக்கும் வாய்ப்பும் அத்தனை மடங்கு.

மருந்துத் தட்டுப்பாட்டை வீட்டாரால் சரிசெய்ய முடியாது. உலகம் முழுதும் இந்த ஊசி பல ஆண்டுகளாக அடிக்கடி கிடைக்காமல் போகிறது. 2016இல் உலக சுகாதாரப் பேரவை வரை இது பேசப்பட்டது.

தினசரி மருந்துகள்

வால்வு பழுதான குழந்தைக்கு ஊசியோடு வேறு மருந்துகளும் இருக்கலாம். ஃப்யூரோசமைடு கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரியத் தொடங்கி, ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். பள்ளி வேனில் ஏறும் நேரத்தில் கொடுத்தால் குழந்தை வகுப்பில் தவிக்கும், அல்லது தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும். விழித்ததும் ஒரு வேளை, இரண்டாம் வேளை இருந்தால் பள்ளி விட்டு வந்ததும் என மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கான வார்ஃபரினை மாலையில் கொடுப்பது வழக்கம். அப்போதுதான், காலையில் எடுத்த ஐ.என்.ஆர். (இரத்த உறைவுப் பரிசோதனை) முடிவைப் பார்த்து அன்றைய அளவையே மாற்ற முடியும். இதய மருந்தான டிகாக்சின் ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது.

எவ்வளவு காலம்

இதயம் பாதிக்கப்படாமல் காய்ச்சல் மட்டும் வந்திருந்தால் ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, இதில் எது பிந்தியதோ அதுவரை. லேசான பாதிப்பு வந்து ஆறியிருந்தால் பத்து ஆண்டு அல்லது 25 வயது. கடுமையான நோய்க்கோ வால்வு அறுவைக்குப் பிறகோ வாழ்நாள் முழுதும், குறைந்தது 40 வயது வரை. அறுவை முடிந்ததும் ஊசி வேண்டாம் என்று விட்டுவிடுவது அடிக்கடி நேரும் தவறு. மாற்றியது ஒரு வால்வைத்தான், மற்ற வால்வுகள் பழையவையே.

அம்மா கூட்டிப்போன குழந்தை கல்லூரி விடுதிக்கோ வேலைக்கோ ஊர் மாறும்போது தொடர்ச்சி அறுகிறது. ஊசி எங்கே, யார் போடுவது, கையில் எந்தச் சீட்டு என்பதைப் பதின்வயதிலேயே பிள்ளையிடம் ஒப்படைக்கத் தொடங்க வேண்டும். பெண்களிடம் திருமணத்துக்குப் பின் நோயை மறைப்பதும் ஊசியை நிறுத்துவதும் நடக்கிறது. பெஞ்சாத்தீன் பென்சிலின் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் பாதுகாப்பானது. அப்போதும் அதே இடைவெளியில் தொடர வேண்டும்.