தஞ்சைச் சிற்றூர்களில் மானிடவியல் களப்பணி

அரியலூர் மாவட்டம் தா.பழூரிலிருந்து தெற்கே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சாவூர் மாவட்டம் வந்துவிடும். சமூக மானிடவியல் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் படிக்கும் சில நூல்கள் அந்தக் காவிரிப் பாசனப் பகுதியின் சிற்றூர்களில் உருவானவை. மானிடவியலாளருக்கு என்ன திறன் வேண்டும் என்பதையும் அவற்றிலிருந்து அறியலாம்.

பிரித்தானியரான கேத்லீன் காஃப் 1951 முதல் 1953 வரை இப்பகுதியில் தங்கி இரண்டு ஊர்களை ஆய்ந்தார். நிலம் யாருடையது, குத்தகைக்கு உழுபவர் யார், பண்ணையாளின் கூலி என்ன என்பனவற்றையெல்லாம் பதிவு செய்தார். கேள்வித்தாளை நீட்டிப் பதில் வாங்கிக்கொண்டு மறுநாள் ஊர் திரும்புபவருக்கு இவை கிடைப்பதில்லை. அவ்வூர்களுக்குக் கும்பாப்பேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயரிட்டார். நம்பிப் பேசியவர்களுக்குத் தீங்கு நேராதிருக்க ஊர்ப்பெயரை மறைப்பது இத்துறையின் வழக்கம்.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்தவர், டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேய். 1961-62இல் அவர் ஆய்ந்த ஊருக்கு நூலில் இட்ட பெயர் ஸ்ரீபுரம். சாதியும் நிலமும் அதிகாரமும் முன்பு பெரும்பாலும் ஒரே கையில் இருந்தன. தேர்தலும் பஞ்சாயத்தும் கட்சி அரசியலும் வந்தபின் அதிகாரம் பிராமணரிடமிருந்து பிராமணரல்லாதார் பக்கம் நகர்ந்துவிட்டதை அவர் கண்டு எழுதினார்.

அவருடைய களப்பணியில் ஒரு குறையும் இருந்தது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் மற்றத் தெருக்காரர்கள் அவரையும் அக்கிரகாரத்து ஆளாகவே பார்த்தனர். சேரி மக்களிடம் அவரால் தாராளமாகப் பழக முடியவில்லை. சேரியில் தங்கியிருந்தால் அக்கிரகாரத்துக் கதவுகள் திறந்திருக்குமா என்பதும் ஐயமே. எந்தத் திண்ணையில் உட்காருகிறோம் என்பது ஆய்வின் முடிவையே மாற்றக்கூடியது. பெத்தேய் இதை மறைக்கவில்லை. 1965இல் வெளிவந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ பற்றிய தம் ஆங்கில நூலிலேயே இந்த வரம்பைச் சொல்லிவிட்டார். மொழியறிவையும் பொறுமையையும் பயிற்சியால் பெறலாம். இந்த நேர்மை எல்லா ஆய்வாளரிடமும் காணப்படுவதில்லை.

காஃப் 1976இல் அதே இரண்டு ஊர்களுக்கும் மீண்டும் வந்து, கால் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றங்களைத் தம் பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டார். முதல் களப்பணியை விரிவாகச் சொல்லும் நூல் 1981இலும், மாற்றங்களைச் சொல்லும் நூல் 1989இலும் வெளிவந்தன. மறு ஆண்டே அவர் காலமானார்.