கணனி ஒலிபெற்ற வரலாறு

ஐம்புலன்களுள்ளே கல்விக்குத் துணையாய் நிற்பவற்றுள் முதன்மையானவை கண்ணும் செவியுமாம். கேள்விக்கெனத் தனி அதிகாரமொன்றை வகுத்துச் செவிவழிப் பெறும் அறிவைச் சிறப்பித்தார் வள்ளுவர். ஆயினும், அறிவுத்தொழிலுக்கு மிக அணுக்கமான பொறியாகிய மேசைக்கணனி, தோன்றிய காலத்தில் ஏறக்குறைய ஊமையாகவே இருந்தது. அது கணக்கைத் தீர்த்தது, கடிதத்தை அச்சிட்டது, படமும் ஓரளவு காட்டிற்று. இசையும் பேச்சும் அதன் தொழிலுக்குப் புறம்பானவை என்றே அதனை ஆக்கியோர் கருதினர்.

அப்பொறி குரல்பெற்ற வரலாறு ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலத்து வரலாறு. அதனை வெறுங் கருவிகளின் வரலாறென்று கொள்ளுதல் பொருந்தாது. வேறுவேறு நாடுகளில், வேறுவேறு கைகளிற் பிறந்த பொறியுறுப்புகள் ஒரே பெட்டிக்குள் ஒன்றோடொன்று இணங்கி வாழக் கற்ற வரலாறு அது. அவ்விணக்கத்தை உண்டாக்கும் சுமை நெடுங்காலம் எவர் தோளில் ஏற்றப்பட்டது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஒற்றைக் குரல்

ஐ.பி.எம். நிறுவனத்தார் தமது தனியாட் கணனியை 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் அறிமுகஞ் செய்தனர். அதனுள்ளே சிறிய ஒலிபெருக்கியொன்று இருந்தது. அதனை இயக்கியது இன்ரெல் நிறுவனத்தின் 8253 என்னும் நேரங்காட்டிச் சில்லு. செக்கனுக்கு ஏறக்குறைய 1,193,182 முறை துடிக்கும் ஒரு துடிப்பை அச்சில்லு குறித்த ஓர் எண்ணால் வகுத்துக் கொடுக்கும். 2,712 என்னும் எண்ணைக் கொடுத்தால் 440 மீடிறன் கொண்ட சுரம் பிறக்கும். அதன் வன்மையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஒரே வேளையில் இரண்டு சுரங்களை எழுப்பவும் இயலாது. பொறியிற் பழுது நேர்ந்தால் எச்சரிப்பதற்கு அவ்வொலி போதுமாயிருந்தது, இசைக்குப் போதவில்லை.

திறமை மிக்க நிரலாளர் சிலர் அவ்வொலிபெருக்கியை மிக விரைவாகத் திறந்து மூடிப் பேச்சைப் போன்ற ஒலியையும் எழுப்பினர். ஆனால் அதற்குக் கணனியின் மூளையாகிய செயலி முழுநேரமும் அவ்வொரு பணியிலேயே ஈடுபட வேண்டியிருந்தது. பேசும்பொழுது வேறெதுவும் செய்யமாட்டாத பொறியாற் பயன் சிறிதே. ஆகவே, ஒலிக்கென வேறொரு கருவி வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அதற்கு வழியும் முன்னரே திறக்கப்பட்டிருந்தது. ஐ.பி.எம். கணனியின் தாய்ப்பலகையில் ஐந்து செருகுமிடங்கள் இருந்தன. எந்த நிறுவனமும் ஓர் அட்டையைச் செய்து அவ்விடத்திற் செருகலாம். இத்திறந்த வாயிலே பின்னாளிற் பெருவளத்துக்கும் பெருங் குழப்பத்துக்கும் ஒருங்கே காரணமாயிற்று.

கியூபெக்கில் எழுந்த இசை

அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் இசையாராய்ச்சி செய்த ஜோன் சௌனிங் என்பார் 1967இல் ஓர் உண்மையைக் கண்டார். ஓர் அலையின் மீடிறனை மற்றோர் அலையினால் விரைவாக அசைத்தால், செவி அதனை அசைவாக உணராது. புதியதோர் ஒலிநயமாக உணரும். இரண்டே அலைகளைக் கொண்டு மணியோசை, குழலோசை முதலிய பலவற்றைப் போலச் செய்யலாம். 1973இல் இக்கண்டுபிடிப்பு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. யப்பானிய இசைக்கருவி நிறுவனமான யமகா இதன் உரிமையைப் பெற்று, 1983இல் டீ.எக்ஸ். 7 என்னும் இசைக்கருவியாக உலகுக்கு அளித்தது. அதே தத்துவத்தை எளிமையாக்கி வை.எம். 3812 என்னும் மலிவான சில்லையும் செய்தது. அச்சில்லு ஒன்பது குரல்களை ஒருங்கே எழுப்பவல்லது. தாளக்கருவிகளுக்கென அமைத்தால் ஆறு குரல்களும் ஐந்து தாளவொலிகளுமாகப் பதினொன்றை எழுப்பும்.

இச்சில்லைக் கணனிக்குட் கொணர்ந்தவர் கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த மாட்டின் பிறெவெல். லவால் பல்கலைக்கழகத்தில் இசை பயிற்றிய அவர் நிறுவிய அட்லிப் நிறுவனம் 1987இல் தன் அட்டையை வெளியிட்டது. மறுவாண்டு சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ற் 4’ என்னும் விளையாட்டு ஒலியட்டைகளுக்கெனப் புனைந்த இசையோடு வெளிவந்தது. அதுவரை கீச்சென்ற ஒற்றையொலியையே கேட்டுப் பழகியோர் பல்குரல் இசையைக் கேட்டனர்.

அட்லிப் அட்டையைப் பொருத்துதல் எளிது. பதினறும எண்முறையில் 388 என்னும் முகவரி ஒன்றே அதற்குப் போதும். செயலி அம்முகவரிக்குக் கட்டளையை அனுப்பும், சில்லு இசைக்கும். ஆனால் பதிவுசெய்த மனிதக் குரலை ஒலிப்பதற்கென அவ்வட்டையில் தனியுறுப்பு இல்லை. குரலும் வேண்டும் என்ற அவாவே அடுத்த படிக்கு வழிகோலிற்று.

சிங்கப்பூரின் பங்கு

சிம் வொங் ஹூ என்பார் சிங்கப்பூரின் நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவர். அவரும் இங் காய் வா என்பாரும் 1981இல் ஒரு சிறு கணனித் திருத்தகத்தைத் தொடங்கினர். அதுவே கிறியேற்றிவ் டெக்னொலஜி நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் முதலிற் செய்த பேசும் கணனி சந்தையில் வெற்றிபெறவில்லை. 1987இல் வெளிவந்த பன்னிரு குரல் இசையட்டையும் அட்லிப்பை வெல்லவில்லை. தோல்விகளிலிருந்து அவர்கள் கற்ற பாடம் பெரிது. மக்களிடம் ஏற்கெனவே உள்ள நூல்களையும் விளையாட்டுகளையும் ஒலிக்கமாட்டாத கருவி, எத்துணைச் சிறந்ததாயினும், வாங்குவாரற்றுப் போகும் என்பதே அப்பாடம்.

1989இல் அவர்கள் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் அட்டையில் அட்லிப் பயன்படுத்திய அதே வை.எம். 3812 சில்லு இருந்தது. எனவே அட்லிப்புக்கென எழுதப்பட்டவை யாவும் அதில் இசைத்தன. அத்துடன், பதிவுசெய்த குரலை 8 பிற்று நுண்மையில் ஒலிக்கும் உறுப்பும், விளையாட்டுக் கைப்பிடியை இணைக்கும் வாயிலும் ஒரே அட்டையில் அமைந்தன. பழையதைக் கைவிடாது புதியதைச் சேர்த்தமையே அதன் வெற்றிக்குக் காரணம். அட்லிப் நிறுவனம் 1992இல் முறிவுற்றது. அதே ஆண்டில் இறுவட்டுத் தரத்துக்கு நிகரான 16 பிற்று ஒலியைத் தரும் சவுண்ட் பிளாஸ்ரர் 16 வெளிவந்தது. பிற நிறுவனத்தாரும் தத்தம் அட்டைகளை ‘சவுண்ட் பிளாஸ்ரருடன் இணக்கமானது’ எனக் கூறியே விற்கலாயினர். எந்த அரசும் எந்த நியமக் கழகமும் விதிக்காத ஒரு நியமம் வழக்கினால் நிலைபெற்றது.

மூன்று எண்கள்

நிற்க. குரலைப் பெற்ற கணனி அதற்கென ஒரு விலையையும் கொடுக்க நேர்ந்தது. இறுவட்டுத் தரத்து ஒலிக்குச் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 2 பைற்று. இடம் வலமென இரு தடங்கள். ஆகச் செக்கனுக்கு 176,400 பைற்று. 1.44 மெகாபைற்று நெகிழ்தட்டு ஒன்றில் எட்டுச் செக்கனுக்குச் சற்று மிகுதியான ஒலியே அடங்கும். இத்துணைத் தரவைச் செயலியே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதாயின், அது பிற வேலைகளைத் துறக்கவேண்டும். ஆகவே ஒலியட்டை செயலியை நாடாது நினைவகத்திலிருந்து நேரே தரவைப் பெறுவதற்கு ஒரு தடம் வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் ‘அடுத்ததைத் தருக’ எனச் செயலியை அழைப்பதற்கு ஓர் இடையீட்டுக் கம்பியும் வேண்டும். முகவரி, இடையீடு, நேரடித் தடம் ஆகிய இம்மூன்றுக்கும் உரிய எண்களே அக்காலத்து ஒலியட்டையின் பிறப்புக்குறிப்பாயின.

முதற் கணனியில் இடையீட்டுக் கம்பிகள் எட்டே இருந்தன. நேரங்காட்டி, விசைப்பலகை, நெகிழ்தட்டு, அச்சுப்பொறி முதலியன அவற்றை முன்னரே பங்கிட்டுக்கொண்டன. 1984இல் வந்த ஏ.ரி. வகைக் கணனி அவற்றைப் பதினைந்தாக்கிய போதும், பழைய அட்டைகளுக்கு எட்டியவை முன்னைய சிலவே. ஒரு கம்பியை இரு அட்டைகள் பகிர்ந்துகொள்ள அக்காலத்துச் செருகுமிட அமைப்பு இடந்தரவில்லை. தொடக்ககாலச் சவுண்ட் பிளாஸ்ரர் 7ஆம் கம்பியைக் கொண்டது; அதுவோ அச்சுப்பொறிக்கு உரியது. பின்னர் வந்தவை 5ஆம் கம்பிக்கு மாறின. நேரடித் தடங்களுள் 2ஆவது நெகிழ்தட்டுக்கு உரியதாக, 1ஆம் தடம் ஒலிக்கு வாய்த்தது. முகவரி 220 எனக் கொள்ளப்பட்டது.

இவற்றை அமைத்தற்கு உரியவர் கணனியை வாங்கியவரே. அவர் மின்னிணைப்பை அகற்றிப் பெட்டியைத் திறப்பார்; அட்டையிலுள்ள ஊசிகளின்மேற் சிறு தொப்பிகளை இடம்மாற்றி எண்களை நிறுவுவார்; அட்டையைச் செருகி ஆணியிறுக்குவார். பின்னர்த் தொடக்கக் கோப்பில் ‘பிளாஸ்ரர்’ என்னும் பெயரோடு அதே எண்களை எழுதுவார். அதன்பின் ஒவ்வொரு விளையாட்டின் அமைப்பு நிரலிலும் அவற்றைத் திரும்பவும் கூறுவார். ஓரெண் பிழைத்தாலும் விளைவு விசித்திரமானது. இடையீட்டெண் பிழையாயின், முதற் சொற்றுண்டு ஒலித்து நின்றுவிடும். அல்லது அத்துண்டே ஓயாது திரும்ப ஒலிக்கும். நேரடித் தடத்தின் எண் பிழையாயின் இசை கேட்கும், பேச்சுக் கேளாது. ஏனெனில் இசைச்சில்லுக்கு முகவரி மட்டுமே போதும். இக்காரணத்தை அறிந்தவர் பிழையை நொடியிற் கண்டனர். அறியாதவர் நல்ல அட்டையைப் பழுதென்று கடைக்குத் திருப்பினர்.

பல்லூடகமும் பொது நியமமும்

இறுவட்டின் வரவு இச்சிக்கலைப் பெருக்கிற்று. ஏறத்தாழ 650 மெகாபைற்றுக் கொள்ளளவுடைய ஒரு வட்டில் கலைக்களஞ்சியமே அடங்கும். ஆயின் சோனி, மிற்சுமி, பனசொனிக் நிறுவனங்களின் வட்டியக்கிகள் வேறுவேறு இணைப்புமுறைகளைக் கொண்டிருந்தன. அவற்றுக்குரிய இணைப்புவாயில்களையும் ஒலியட்டையே தாங்கிற்று. வட்டிலுள்ள இசையை அட்டைக்குக் கடத்தத் தனியான மெல்லிய கம்பியொன்றும் வேண்டும். அதனை இணைக்க மறந்தால் வட்டுச் சுழலும், இசை வாராது. இவற்றின் இயக்கி நிரல்கள் யாவும் 640 கிலோபைற்று அடிப்படை நினைவகத்திலேயே இடந்தேட, விளையாட்டு நிரலுக்கு இடம் போதாதுபோவதும் உண்டு.

வாங்குவோரின் இடரை உணர்ந்த உற்பத்தியாளரும் மைக்ரோசொவ்ற் நிறுவனமும் கூடிப் பல்லூடகக் கணனிக்குரிய குறைந்தபட்ச நியமமொன்றை வகுத்தனர். 1991இல் நிலைபெற்ற முதல் நியமம் 386 எஸ்.எக்ஸ். செயலி, 2 மெகாபைற்று நினைவகம், 30 மெகாபைற்று வன்றட்டு, செக்கனுக்கு 150 கிலோபைற்றுத் தரும் வட்டியக்கி, 8 பிற்று ஒலி ஆகியவற்றை வேண்டிற்று. 1993இன் இரண்டாம் நியமம் ஒலியை 16 பிற்றாகவும் வட்டின் வேகத்தை இருமடங்காகவும் உயர்த்திற்று. எதனை வாங்குவது என்னும் ஐயத்தை இந்நியமங்கள் தீர்த்தன. வாங்கியதை எங்ஙனம் இணக்குவது என்னும் இடரைத் தீர்க்கவில்லை.

தானே பொருந்துங் காலம்

அதற்கு மருந்து வேறு இடத்திலிருந்து வந்தது. தன் தேவையைத் தானே அறிவிக்கும் அட்டைகளுக்கான விதிகளை இன்ரெலும் மைக்ரோசொவ்ற்றும் 1993இல் வெளியிட்டன. 1995 ஓகஸ்ட் 24இல் வெளிவந்த வின்டோஸ் 95 அவ்வறிவிப்பைக் கேட்டு எண்களைத் தானே பங்கிட முயன்றது. தொடக்கத்தில் அப்பங்கீடு பன்முறை பிழைத்ததாயினும், நெறி சரியானதே. பீ.சி.ஐ. என்னும் புதிய செருகுமிடம் ஒரு கம்பியைப் பலர் பகிர இடந்தந்தது. பின்புறத் துளைகளுக்கும் நிறங்கள் வகுக்கப்பட்டன. ஒலிபெருக்கிக்கு இளம்பச்சை, ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு, வெளியொலி உள்வருதற்கு இளநீலம். எழுத்தறியாச் சிறுவனும் பொருத்தத்தக்க எளிமை அது.

இன்ரெல் 1997இல் வகுத்த ஏ.சி. 97 நியமமும், 2004இல் வகுத்த உயர்தர ஒலி நியமமும் ஒலியைத் தாய்ப்பலகையிலேயே அமைத்துவிட்டன. ஒருகாலத்திற் பெருமையோடு வாங்கப்பட்ட ஒலியட்டை பெரும்பாலோர்க்கு வேண்டாத பொருளாயிற்று. சுமை பயனர் தோளிலிருந்து இறங்கிப் பொறியின் தோளில் ஏறியது.

எஞ்சி நிற்கும் கடன்

இம்மாற்றத்தில் இழப்பும் ஒன்று உண்டு. அக்காலத்து விளையாட்டுகள் பல இசையைப் பதிவாகச் சேமிக்கவில்லை, வை.எம். 3812 போன்ற சில்லுக்குரிய கட்டளையாகவே சேமித்தன. சில்லு மறைந்தால் எஞ்சுவது குறிப்பு மட்டுமே. பண்ணும் பாட்டும் ஏட்டில் இருந்தும் கருவி வழக்கொழிந்ததனால், யாழின் இயல்பை மீட்டுரைக்க விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூலை’ வெளியிட வேண்டியிருந்தது. கருவியையும் குறிப்பையும் ஒருங்கே காவாவிடில் நேர்வது யாதென்பதற்கு அது போதிய சான்று.

2002இல் தொடங்கிய டொஸ்பொக்ஸ் போன்ற மென்பொருள்கள் பழைய ஒலியட்டையைப் புதிய கணனியினுள் நிரலாகவே படைத்துக் காட்டுகின்றன. அவற்றின் அமைப்புக் கோப்பைத் திறப்போர் இன்றும் 220, 7, 1 என்னும் அதே எண்களைக் காண்பர். அட்டை போயிற்று, அதன் பிறப்புக்குறிப்பு எஞ்சியது. எனினும் போலி சரியாக ஒலிக்கின்றதா என்று ஒப்புநோக்க மூலப்பொறி ஒன்றாவது உயிரோடிருத்தல் வேண்டும். பழைய கணனியைக் கழிவென எறியுமுன் அதன் பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பது யாதென ஒருமுறை நோக்குதல் அறிவுடையோர் கடனாம்.