வறுத்த பயறு முளைக்குமா?

போன மாசம் அக்காவோட திருப்புட்குழி போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போற வழியில், பாலுசெட்டி சத்திரம் பக்கத்துல இருக்கு. 'புள்' என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். இங்கே மரகதவல்லித் தாயாருக்கு, வறுத்த பயறை முளைக்க வைத்தவள் என்ற பேரும் உண்டு. பிள்ளை வேண்டுகிற பெண்கள், வறுத்து ஊறவைத்த பயறை ராத்திரி மடியில் கட்டிக்கொண்டு படுப்பாங்க. காலையில் முளை விட்டிருந்தா பிள்ளை பிறக்கும்னு நம்பிக்கை. அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம்.

அவங்க கும்பிட்டுக்கிட்டிருக்க, என் புத்தி பயறிலேயே நின்னுடுச்சு. வறுத்தது முளைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதானே அது அதிசயம்!

சூடு பட்டதும் விதைக்குள்ள இருக்கிற கரு செத்துடும். ஆனா, புரதத்தைச் செரிக்க விடாம தடுக்கிற பொருட்களும் அதே சூட்டில்தான் அழியுது. சமைத்த சாப்பாடுதான் நம்ம பல்லையும் குடலையும் சிறிதாக்கி மூளையைப் பெரிதாக்கியதுன்னு மானுடவியலாளர் ரிச்சர்ட் ரேங்கம் 2009-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொல்ற காலக்கணக்கை எல்லாரும் ஒத்துக்கலை. இருந்தாலும் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் வருஷத்துக்கு முந்தைய நெருப்பின் தடயம் கிடைச்சிருக்கு.

வேட்டையாடித் திரிஞ்சவன் கிடைச்சதையெல்லாம் நெருப்பில் போடலாம். விதைக்கத் தொடங்கினவனுக்கு அது முடியாது. இந்தப் பிடி சட்டிக்கு, அந்தப் பிடி மண்ணுக்குன்னு பிரிக்கணும். பசிச்ச பிள்ளை எதிரில் அழுதாலும் பிரிக்கணும். நாகரிகம் அங்கேதான் தொடங்குதுன்னு எனக்குப் படுது.

நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கு. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டினப்போ, புதிய கற்கால மக்களோட கொள்ளும் பச்சைப்பயறும் கருகிய நிலையில் கிடைச்சது. தின்னது போச்சு, விதைச்சது முளைச்சுப் போச்சு. கருகினது மட்டும் மூவாயிரம் வருஷம் தாண்டி நமக்குச் சேதி சொல்லுது.

திரும்பி வர்றப்போ அக்காகிட்ட இதையெல்லாம் சொன்னேன். "பாட்டியோட விதைப்பானை ஞாபகம் இருக்காடா?"ன்னு கேட்டாங்க. இருந்தது. மழை பொய்ச்ச வருஷம், பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கினாளே தவிர, சாம்பல் கலந்து வெச்ச அந்தப் பயறை வறுக்க விடலை.

அப்புறம் பஸ் காஞ்சிபுரம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை.