ஒளி நாடும் வண்டியும் பங்குனி ஆமைக் குஞ்சும்

1. ஆய்பொருள்

இரண்டு ஒளியுணரிகளும் இரண்டு மோட்டார்களுமே கொண்ட ஒரு சிறு வண்டி டார்ச் வெளிச்சத்தைத் துரத்துகிறது. பார்ப்பவருக்கு அது உயிருள்ளதாகவே படுகிறது. இத்தோற்றம் உண்மையான விலங்கைப் பற்றி ஏதேனும் சொல்லுமா? சென்னையின் எம்.கே.பி. நகரில் இருப்பவருக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் சென்னைக் கரையில், குஞ்சுகள் ஒளியை நம்பி நடந்து, விளக்குகளால் வழிதவறுகின்றன.

2. முன்னோடிகள்

பிரிஸ்டலில் மூளை ஆய்வாளர் கிரே வால்டர் 1948-49இல் எல்மர், எல்சி என்ற எந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஒளிக்கலம், இரண்டு வெற்றிடக் குழாய்கள். 1984இல் நரம்பியலாளர் பிரைட்டன்பெர்க் தம் ‘வெஹிகிள்ஸ்’ நூலில் இதை இன்னும் எளிதாக்கி, கம்பிகளின் போக்கை மாற்றினாலே நடத்தை மாறும் என்று காட்டினார்.

3. அமைப்பு

வண்டிக்கான எல்லாப் பாகங்களும் சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். ஒளியுணரியான எல்டிஆரின் மின்தடை வெளிச்சத்தில் குறையும். அதனால் டிரான்சிஸ்டர் திறந்து மோட்டார் வேகமெடுக்கும். இடது உணரியை வலது மோட்டாருடனும் வலது உணரியை இடது மோட்டாருடனும் இணைத்தால் வண்டி விளக்கை நோக்கிப் பாயும். நேராக இணைத்தால் விலகி ஓடும். ஆசையும் அச்சமும் நாம் சூட்டும் பெயர்கள்; உள்ளே இருப்பது கம்பி மாற்றம் மட்டுமே.

4. கண்மறைப்புச் சோதனை

நடத்தை ஒத்திருப்பதாலேயே உள்ளமைப்பும் ஒன்றென்று ஆகாது. ஓர் உறுப்பை முடக்கிப் பார்த்தால்தான் ஒப்புமைக்கு வலு சேரும். குறுக்கு இணைப்பு வண்டியின் வலது உணரியில் கறுப்பு டேப் ஒட்டுங்கள்; வலது மோட்டார் மட்டும் ஓடி, வண்டி இடப்பக்கமாகச் சுற்றும். கடலாமைக் குஞ்சுகளின் ஒரு கண்ணை மறைத்த ஆய்வாளர்களும் இதையே கண்டார்கள்: திறந்த கண்ணின் பக்கமாகவே அவை வட்டமிட்டன. இரு கண்களுக்கு வரும் ஒளியைச் சமன்படுத்தியே குஞ்சு நேர்கோட்டில் நடக்கிறது என்ற கருத்துக்கு இது வலுவான சான்று என்பேன்.

5. ஒப்புமையின் எல்லை

குஞ்சு எல்டிஆர் அல்ல. நிறத்தைப் பொறுத்து அதன் ஈர்ப்பு மாறும். கடலில் இறங்கியபின் அலையின் திசையையே பற்றிக்கொள்ளும். அதன் பார்வைப் பரப்பு கிடைமட்டத்தில் அகலமானது, மேல்கீழாக மிகக் குறுகியது. வண்டியில் இதைக் கொண்டுவர உணரிகளின் முன் கிடைமட்டப் பிளவுள்ள அட்டையை வைக்கலாம். தலைக்கு மேலுள்ள விளக்கு அப்போது தெரியாது. ஆனால் உயரமான கம்பத்தில் எரிவதும் தொலைவிலிருந்து பார்த்தால் தொடுவானத்தை ஒட்டித் தெரிந்து வண்டியை இழுக்கும். கரையோர விளக்கின் கம்பத்தை உயர்த்துவதால் பயனில்லை. கடற்கரைப் பக்கம் ஒளி விழாதபடி மறைப்பு பொருத்தவேண்டும். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் இரவில் அணைத்துவிடுவது அதனினும் நன்று.