வைக்கோலுக்காக விதைத்த ஊர்

கதிரடித்த பின் மிஞ்சுவதே வைக்கோல் என்பது நாம் அறிந்தது. அதை மாட்டுக்குப் போடுவார்கள், கூரைக்கு வேய்வார்கள். ஆனால், மணியை வேண்டாமென விட்டு, வைக்கோலுக்காகவே கோதுமை விதைத்த ஊர் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டில், புளோரன்ஸ் நகருக்கு மேற்கே, ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கும் சீஞா என்னும் ஊர்தான் அது.

1718-ஆம் ஆண்டு வாக்கில் டொமினிக்கோ மிக்கெலாச்சி என்பவர் அங்கே இந்த வேலையைத் தொடங்கினார். தொப்பி பின்ன மெல்லிய வெண்மையான தண்டு வேண்டும். ஆகவே விதையை மிக நெருக்கமாகத் தூவினார்கள். நெருக்கத்திலே பயிர் ஒல்லியாக வளர்ந்தது. மணி முற்றுமுன் வேரோடு பிடுங்கி, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் பரப்பி வெளுக்க வைத்தார்கள். பிறகு கந்தகப் புகை காட்டினார்கள். கதிருக்கும் மேல் கணுவுக்கும் இடைப்பட்ட துண்டு மட்டுமே உயர்ந்த தொப்பிக்கு உதவும். எவ்வளவு பயிருக்கு எவ்வளவு தொப்பி என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்!

பின்னுவது பெண்கள் வேலை. பதின்மூன்று இழைகளைச் சேர்த்து, நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் பின்னுவார்கள். தொப்பிகள் லிவோர்னோ துறைமுகம் வழியாகக் கப்பலேறின. அத்துறைமுகத்தை ஆங்கிலேயர் 'லெக்ஹார்ன்' என்றழைத்ததால் தொப்பிக்கும் அதுவே பெயராயிற்று. விலை உயர்ந்திருந்த காலத்தில் குமரிப் பெண்கள் தங்கள் சீர்வரிசையைத் தாங்களே சம்பாதித்தார்கள்.

பின்னர்ச் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல்கள் ஐரோப்பாவுக்கு வந்தன. விலை சரிந்தது. விலை எங்கோ முடிவாகி, கூலி இங்கே குறைவது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்லவே! வியாபாரிக்கும் பின்னும் பெண்ணுக்கும் நடுவே தரகர் இருந்தார். வைக்கோலைக் கொடுப்பவரும் அவரே. பின்னலை வாங்குபவரும் அவரே. கங்காணி முறையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுதும் பின்னினாலும் சில காசுகளே கைக்கு வந்தன.

1896-ஆம் ஆண்டு மே மாதம், பெரெத்தோலா, புரோசி, சீஞா முதலிய ஊர்களின் பெண்கள் பின்னலைக் கீழே வைத்தார்கள். பல்லாயிரவர் சேர்ந்தார்கள். சாலையை மறித்தார்கள், டிராம் வண்டிகளை நிறுத்தினார்கள். ஆளுக்கொரு வீட்டு வாசலில் தனித்தனியே உழைத்தவர்கள், ஒரே தொழிற்கூடத்தில் ஒருநாளும் கூடியிராதவர்கள் செய்த வேலைநிறுத்தம் இது. நம் கருத்தில் அதுவே இதில் பெரிய செய்தி. அரசாங்கமும் வைக்கோல் தொழிலை விசாரிக்கக் குழு அமைக்க வேண்டியதாயிற்று.

சீஞாவில் இன்று வைக்கோல் தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அது விதைத்த மிக்கெலாச்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.