தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனங்களில் பகிடிவதைத் தடுப்பு

பகிடிவதை என்பது கல்லூரி, பல்கலைக்கழகம், விடுதி ஆகியவற்றில் புதிதாகச் சேரும் மாணவரை மூத்த மாணவர்கள் உடலாலோ உள்ளத்தாலோ துன்புறுத்துவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பேச்சு வழக்கில் ராகிங் எனப்படுகின்றது. நெடுங்காலம் இது அறிமுகச் சடங்காகவும் விடுதி வழக்கமாகவும் கருதப்பட்டு, கல்லூரியின் உள் ஒழுங்குச் சிக்கலாகவே கையாளப்பட்டது. 1996 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த கொலையை அடுத்து, தமிழ்நாட்டில் இது தனிச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது.

நாவரசு கொலை வழக்கு

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு பயின்றவர் பொன். நாவரசு. இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பி. கே. பொன்னுசாமியின் மகன். நவம்பர் 6, 1996 அன்று இவர் விடுதியில் கொல்லப்பட்டார். உடலின் பகுதிகள் சென்னையிலும் அண்ணாமலைநகரிலுமாக வெவ்வேறு இடங்களில் கண்டெடுக்கப்பட்டன. அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பகிடிவதைக்குப் பணிய மறுத்ததே கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

கடலூர் அமர்வு நீதிமன்றம் மார்ச்சு 1998 இல் அம்மாணவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2001 இல் அவரை விடுதலை செய்தது. தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 20, 2011 அன்று அவ்விடுதலையை நீக்கி, ஆயுள் தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்கும்படி தீர்ப்பளித்தது. கொலையை நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லாத இவ்வழக்கு, சூழ்நிலைச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டு முடிவு செய்யப்பட்டது.

தமிழ்நாட்டுச் சட்டம்

தமிழ்நாடு பகிடிவதை தடைச் சட்டம் 1997 ஆம் ஆண்டின் 7 ஆம் எண் சட்டமாகும். இதன் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

வரையறை: மாணவருக்கு உடல் அல்லது உளத் தீங்கு, அச்சம், வெட்கம், சங்கடம் ஆகியவற்றை உண்டாக்கும் செயல் யாவும் பகிடிவதை ஆகும். கேலி செய்தல், வசைபாடுதல், இயல்பாகத் தாமே செய்ய விரும்பாத செயலைச் செய்யச் சொல்லுதல் ஆகியனவும் இதில் அடங்கும்.

இடம்: கல்வி நிறுவனத்தின் வளாகத்துக்கு வெளியே நிகழ்வதும் குற்றமே.

தண்டனை: இரண்டு ஆண்டுகள் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம். தண்டிக்கப்பட்ட மாணவர் நிறுவனத்திலிருந்து நீக்கப்படுவார். வேறு கல்வி நிறுவனத்திலும் சேர்க்கப்படமாட்டார்.

நிறுவனத் தலைவரின் பொறுப்பு: முறையீடு கிடைத்தவுடன் விசாரிக்க வேண்டும். முதல் நோக்கில் உண்மை எனத் தெரிந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். நடவடிக்கை எடுக்கத் தவறும் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்படுவார்.

இவற்றுள் இறுதிக் கூறு குறிப்பிடத்தக்கது. கல்லூரியின் நற்பெயரைக் கருதி முறையீட்டை மறைப்பதையே இது குற்றமாக்குகின்றது. கொலை, காயப்படுத்துதல் போன்றவற்றுக்குப் பொதுவான குற்றவியல் சட்டமும் பொருந்தும்.

இந்திய அளவில்

உச்ச நீதிமன்றம் 2001 இல் பகிடிவதையைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. பின்னர் நடுவண் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர். கே. இராகவன் தலைமையில் அமைந்த குழு 2007 இல் அறிக்கை அளித்தது. இமாச்சலப் பிரதேசத்தின் தாண்டாவில் மருத்துவக் கல்லூரி மாணவர் அமன் கச்ரு மார்ச்சு 2009 இல் இறந்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு கட்டாய ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது.

இவ்விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் பகிடிவதை எதிர்ப்புக் குழு அமைக்கப்பட வேண்டும். ஆசிரியர், பெற்றோர், புதிய மற்றும் மூத்த மாணவர், அலுவலர் ஆகியோருடன் காவல்துறை, உள்ளூர் ஊடகம், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றின் பேராளர்களும் இதில் இடம்பெறுவர். விடுதிகளில் முன்னறிவிப்பின்றிச் சோதனையிடத் தனிப் படை ஒன்றும் உண்டு. குற்றம் நிகழ்ந்ததாகத் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாக நிறுவனத் தலைவர் ஆவன செய்ய வேண்டும். செய்தவர் யாரென அடையாளம் காண முடியாதவிடத்துக் கூட்டுத் தண்டனை வழங்கவும் விதிகள் இடமளிக்கின்றன. 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

இலங்கையில்

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் செ. வரப்பிரகாஷ், பகிடிவதையின்போது கடும் உடற்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து 1997 இல் இறந்தார். இலங்கை நாடாளுமன்றம் 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் பிற வன்முறைகளையும் தடை செய்தது. பாலியல் துன்புறுத்தல், கடுங்காயம் ஆகியவற்றுக்கு இச்சட்டத்தின்கீழ் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

நடைமுறைச் சிக்கல்கள்

பாதிக்கப்படும் மாணவர் முறையிட்ட பின்னரும் அதே விடுதியில், அதே உணவுக்கூடத்தில், முறையீட்டுக்கு உள்ளானவர்களின் நண்பர்களோடு வாழ வேண்டியுள்ளது. இதனால் பலர் வாய் திறப்பதில்லை. அறைத்தோழர், விடுதிக் காப்பாளர், காவலர், உணவுக்கூடப் பணியாளர் ஆகியோரே மாற்றத்தை முதலில் காணக்கூடியவர்கள். எனவே பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றிக் கண்டவரும் அறிவிக்க வேண்டும் என 2009 விதிகள் எதிர்பார்க்கின்றன. அறிவிப்பவரின் அடையாளத்தைக் காக்கும்படியும் கூறுகின்றன. புதியவர்களுக்கு விடுதியில் தனிப் பகுதி ஒதுக்குதல், ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் சிறு குழுக்களாகப் பிரித்தல் ஆகியனவும் இவ்விதிகளில் வலியுறுத்தப்படும் தடுப்பு முறைகளாகும்.