பரங்கிமலைப் பீரங்கியும் வேகக் கணக்கும்

தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். ப்ளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் கணக்குகள் இப்படித்தான் தொடங்குகின்றன. தூரமும் நேரமும் கேள்வியிலேயே கிடைத்துவிடுவதால், கணக்கு என்றால் வகுத்தல் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த ஓர் அளவீட்டில் வகுத்தல்தான் மிகச் சிறிய வேலையாக இருந்தது.

நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம், 1820, 1821-ஆம் ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாக வெடிக்கும் பீரங்கிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. வெடியின் வெளிச்சம் தெரிந்த கணம் முதல் ஓசை காதில் விழும்வரை கடந்த நேரத்தைக் குறிக்க ஆய்வகத்தின் இந்திய உதவியாளர்கள் துணைநின்றார்கள். பரங்கிமலை 29,547 அடி தள்ளி இருந்தது. ஓசை வந்துசேர ஏறத்தாழ 26 நொடி. இவ்வளவு தொலைவு எதற்கு என்றால், வெளிச்சத்தைக் கண்டு கை அசைய 0.2 நொடி பிந்தினாலும் 26 நொடியில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

விடை ஒரே எண்ணாக வரவில்லை. குளிர்மாதங்களில் நொடிக்கு 1,100 அடியை ஒட்டியும், ஜூலையில் 1,160 அடிக்கு மேலும் வந்தது. அந்த வேறுபாட்டைப் பிழையென்று தள்ளாமல், வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்றின் திசை எல்லாவற்றையும் கூடவே பதிந்துவைத்தது கோல்டிங்காமின் பெருமை. ஒரு பாரன்ஹீட் டிகிரி ஏறினால் வேகம் 1.2 அடி கூடுகிறது என்று கண்டார். இன்றைய கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. காற்று உடன் வீசுவதற்கும் எதிர்த்து வீசுவதற்கும் சுமார் 21 அடி வித்தியாசம். காற்றழுத்தத்துக்கும் ஒரு பங்கு கொடுத்தார், அது பிசகு. அழுத்தம் மட்டும் மாறினால் ஒலியின் வேகம் மாறாது. சென்னையில் வெயில் ஏறும் மாதங்களில் அழுத்தம் இறங்குவதால் இரண்டின் விளைவும் பின்னிக்கொண்டிருக்கலாம். பதிவு முழுமையாக இருப்பதால்தான் அந்தப் பிசகையும் நம்மால் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இப்படிப் பிழையையும் சேர்த்து அளப்பதை வகுப்பிலும் பழக்கலாமே என்றால், முதலில் சூத்திரம் படியட்டும், பிழைகளைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். ஆனால் பாடநூலிலேயே அளவீட்டியல் முதல் அலகு, இயக்கவியல் இரண்டாவது; அடுத்தடுத்து இருக்கும் இரண்டையும் கணக்குகளில் பிரித்தே வைக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள புளியங்குடி மாணவர் பீரங்கிக்கு எங்கே போவது என்பது இன்னும் நியாயமான கேள்வி. நேரான குளத்தங்கரை ஒன்று, திருவிழா வேட்டு, கைப்பேசியின் நொடிமானி, உடன் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். ஒரு கிலோமீட்டரில் ஓசைக்கு 3 நொடிகூட ஆகாது, அதே 0.2 நொடித் தாமதம் இங்கே நூற்றில் 7 பங்காகிவிடும். அந்தத் தாமதம் முறைக்கு முறை கூடிக்குறையும் என்பதால் 20, 30 முறை அளந்து சராசரி எடுக்க வேண்டிவரும். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து காற்று பலமாக வீசும்போது ஒருமுறை மேற்கிலும் ஒருமுறை கிழக்கிலுமாக வேட்டை மாற்றி வைத்து அளந்தால், திசைவேகத்தில் திசைக்கு என்ன வேலை என்பதை அந்த இரண்டு சராசரிகளிலிருந்து மாணவரே கழித்துப் பார்க்கலாம்.